ஆணியில்லாத தொட்டி

இந்தத் தொட்டியில் ஓர் ஆணி கிடையாது.
நூற்றுப்பத்து அடி நீளம், முழுக்க மரம்,
மூட்டுக்கு மூட்டு மரமுளை.
இரும்பு அடித்திருந்தால்
ஒரே மாதத்தில் தண்ணீர் அதைத் தின்றுவிட்டுப்
பலகை பலகையாய்ப் பிரித்துப் போட்டிருக்கும்.

என் பூட்ஸ் ஆணிகள் அப்படித்தான் போயின.
வேலையில் சேர்ந்த முதல் வாரமே
அடித்தோல் வாயைப் பிளந்தது.
மேஸ்திரி கிராடாக் சிரித்தார்:
“மாலக்கி, உன் காலிலிருந்து கம்பெனிக்கு
அரை அவுன்ஸ் செம்பு.”

சுரங்கத்திலிருந்து ஏறிவரும் தண்ணீர்
பார்க்க அழகு. மயில்கழுத்து நிறம்.
பியூட் நகரத்து நாய்கள் மோந்துவிட்டு விலகிப் போகும்.
உள்ளே செம்பு இருக்கிறது,
டீயில் போட்ட சர்க்கரை மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல்.
அதை வெளியே கூப்பிட இரும்புக்குத்தான் தெரியும்.
கூப்பிடுவதென்றா சொன்னேன்?
இடம் கொடுப்பது.
டிராமில் ஒருவர் எழுந்தால்தானே
இன்னொருவர் உட்கார முடியும்.

அவ்வளவு இரும்புக்கு எங்கே போவது?
ஊர் தின்றுவிட்டு எறிந்த டப்பாக்கள்:
பீச் பழம், தக்காளி, மத்தி மீன், கெட்டிப் பால்.
காகிதமும் வெள்ளீயப் பூச்சும் போகச் சுட்டு,
மிதித்து நசுக்கிக் கொட்டுவோம்.
பிறகு ரப்பர் குழாயால் அடித்து அலசுவோம்.
அடியில் படிவதுதான் சம்பளம்.

சனிக்கிழமைகளில் ஹில்யா வருவாள்.
ஃபின்லாந்துக்காரர்கள் தங்கும் விடுதியில் சமையல்.
முப்பத்தொரு ஆண்கள் காலிசெய்த டப்பாக்களைக்
கைவண்டியில் தள்ளிவந்து
தராசு முள்ளை என்னைவிடக் கூர்ந்து பார்ப்பாள்.
அவள் மொழி எனக்குத் தெரியாது.
என் ஆங்கிலம் அவளுக்குப் பிடிக்காது.

மார்ச்சில் ஒருநாள் வண்டி நிறையவில்லை.
“இருபத்திரண்டு பேர்” என்றாள்.
மற்ற ஒன்பது பேர் எங்கே என்று
அந்த மாதம் ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை.
இரண்டாயிரத்து நானூறாவது அடியில் தீ.
தீயை அணைக்கத் திறந்துவிட்ட தண்ணீர்.

அந்தத் தண்ணீர்தான் இங்கே வருகிறது.
நான் சொல்லவில்லை.
மேல்மடையை அவள் பார்த்த விதத்தில்
அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தது.

டப்பாக்களுக்கு அடியில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு.
மூடியில் கம்பியால் கீறிய பெயர்: உர்ஹோ.
அண்ணனா, வேறு யாருமா, நான் கேட்கவில்லை.
எடுத்து அவளிடமே நீட்டினேன்.
“ஓட்டை” என்றாள். “நிறுங்கள்.”

அதை மட்டும் நசுக்கவில்லை.
செம்புக்கம்பியில் கட்டி
நாலாவது தடுப்பில் தனியாய்த் தொங்கவிட்டேன்.
கிராடாக்கின் பேனாக்கத்தி ஒருமுறை உள்ளே விழுந்து
செம்புக்கத்தியாய் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.
தூக்கும் அப்படி வரும்,
துடைத்துப் பளபளப்பாய்த் திருப்பிக் கொடுக்கலாம் என்று
ஒரு கணக்கு.

மூன்றாம் நாள் சிவந்தது.
ஏழாம் நாளும் பெயர் அழியவில்லை.
நான் விசிலடித்தபடி வேலை செய்தேன்.
பதினோராம் நாள் தூக்கினேன்.
கம்பி மட்டும் வந்தது.
மற்றதெல்லாம் கையுறை வழியே சேறாய் இறங்கிற்று,
காப்பிப்பொடி நிறத்தில்.
அத்தனை நாள் உருவத்தைப் பிடித்து நின்றது
செம்பல்ல,
தின்று தீராத மிச்ச இரும்பு.

சனிக்கிழமை அவளே கேட்டாள்: “அந்தத் தூக்கு?”
உலர்த்தும் தட்டைக் காட்டினேன்.
ஒற்றை விரலால் தொட்டாள்.
“இதுவா?”

எனக்குப் பொய் வரவில்லை.
“இல்லை. இது மலைக்குள் இருந்தது, தண்ணீரில் வந்தது.
தூக்கு அதோ.”
கீழ்மடைக்கு வெளியே ஓடை,
மஞ்சளும் பச்சையுமாய், அவசரமாய்,
கரைக்கல் அத்தனைக்கும் துரு பூசிக்கொண்டு
போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.
விரலை மோந்தாள். துடைக்கவில்லை.
“அன்றைக்கு அதையும் சேர்த்துத்தானே நிறுத்தீர்கள்?”
“சேர்த்துத்தான்.”
“எவ்வளவு?”
“இரண்டேகால் பவுண்டு.”
தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

அச்சுக்கு எண்ணெய் போடச் சொல்லியிருக்கலாம்.
மேடு திரும்பும்வரை கிறீச்சிட்டது.
அதற்குள் மேல்மடையில் தண்ணீர் கூடிவிட்டது,
குழாயை எடுத்துக்கொண்டு போனேன்.